வீட்டுக் கருவிகளின் கடிவாளம் யார் கையில்?

நோயாளியின் கட்டிலருகே தண்ணீர்ச் செம்பும் மாத்திரை டப்பாவும் மட்டுமே இருந்த காலம் மாறிவிட்டது. இன்று விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், மேற்கையில் ஒட்டிய சர்க்கரை சென்சார், மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச், கூடத்தின் மூலையில் கேமரா, குரலைக் கேட்டு விளக்கை எரியவைக்கும் பெட்டி என்று பல கருவிகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. இவை நன்மைக்காகவே வந்தவை. இவற்றில் சிலவற்றை நாங்களே நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கிறோம். எனினும், இவற்றை வாங்கும்போது பெரும்பாலான குடும்பங்கள் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கருவி எப்போது ஒலிக்க வேண்டும், எவ்வாறு ஒலிக்க வேண்டும், தான் அறிந்ததை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார்?

விற்பனைக்கு வரும்போது அந்த முடிவை நிறுவனம் எடுத்திருக்கும். வீட்டுக்கு வந்தபின் கைப்பேசியில் தேர்ந்த மகனோ மருமகளோ எடுத்திருப்பார். கருவியோடு இரவும் பகலும் வாழும் நோயாளியிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்த முடிவு, மருத்துவரின் ஆலோசனையோடு, முதன்மையாக நோயாளிக்கே உரியது என்பது எங்கள் உறுதியான கருத்து. இது மரியாதையைப் பற்றிய பேச்சு மட்டுமன்று; உயிரைப் பற்றிய பேச்சும் ஆகும். அதற்கான காரணங்களை இங்கே விளக்குகிறோம்.

ஓயாது ஒலிக்கும் கருவி, ஓய்ந்துபோகும் காது

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்தவர்களுக்கு உள்ளிருந்து வரும் இடைவிடாத 'பீப்' ஒலி நினைவிருக்கும். அந்த ஒலிகளைப் பற்றி அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் என்னும் அமைப்பு 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை எச்சரிக்கை ஒலிகள் தொடர்பான 98 நிகழ்வுகள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தன. அவற்றில் 80 மரணத்தில் முடிந்தவை. மருத்துவமனையில் எழும் எச்சரிக்கை ஒலிகளில் 85 முதல் 99 விழுக்காடு வரை சிகிச்சை எதுவும் தேவைப்படாதவை என்றும் அவ்வறிக்கை குறிப்பிட்டது. தேவையற்ற ஒலிகளையே கேட்டுப் பழகிய காது, தேவையான ஒலி வரும்போது அதைப் பொருட்படுத்துவதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர்களுக்கே இது நேர்கிறது. மருத்துவ உலகில் இதற்கு 'எச்சரிக்கைச் சோர்வு' என்று பெயர்.

இப்போது அதே கருவிகளின் சிறிய வடிவங்கள் வீட்டுக்கு வந்துள்ளன. மருத்துவமனையில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பணியாளர் மாறுவார். வீட்டில் பகலெல்லாம் சமைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்த அதே மனைவிதான் இரவிலும் விழிக்கிறார். ஓர் இரவில் நான்குமுறை காரணமின்றி எழுப்பப்பட்டவர் ஐந்தாம் முறை எழுந்திருக்கமாட்டார். அல்லது மறுநாள் கருவியையே கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய கருவி அலமாரியில் உறங்குவதை எங்கள் வெளிநோயாளர் பிரிவில் வாரந்தோறும் கேள்விப்படுகிறோம். அதற்காக நோயாளியைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அந்தக் கருவி அவருக்கேற்ப அமைக்கப்படவில்லை என்பதே அதன் பொருள்.

எல்லை எண் ஆளுக்கு ஆள் வேறு

எல்லாக் கருவிகளும் ஏதோ ஓர் எண்ணை எல்லையாக வைத்துக்கொண்டுதான் விற்பனைக்கு வருகின்றன. அந்த எண் சராசரி மனிதருக்கு உரியது. சராசரி மனிதர் எங்கள் வார்டுகளில் அரிதாகவே படுத்திருக்கிறார்.

முதலில் சர்க்கரை சென்சாரை எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டு வெளியான சர்வதேச நிபுணர் கருத்தொற்றுமையின்படி, நீரிழிவு உள்ள பெரும்பாலோருக்கு ஒரு நாளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நேரம் சர்க்கரை அளவு 70 முதல் 180 வரை இருக்க வேண்டும். ஆனால் முதியவர்களுக்கும் தாழ்சர்க்கரை ஆபத்து மிகுந்தவர்களுக்கும் அதே அறிக்கை வேறு இலக்கை வகுத்தது. பாதி நேரத்துக்கு மேல் அந்த எல்லைக்குள் இருந்தால் போதும். ஆனால் 70க்குக் கீழே இறங்கும் நேரம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதாவது, 78 வயதான ஒருவருக்குச் சற்றே ஏறிய சர்க்கரையைவிட இறங்கிய சர்க்கரையே பெரிய பகை. அவருடைய கருவியில் மேல் எல்லையை 180இல் வைத்தால், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் அது அலறும். குடும்பத்தார் பயந்து சோற்றைக் குறைப்பார்கள். மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல உள்ளே போகும். நள்ளிரவில் சர்க்கரை இறங்கும். நன்மைக்கு வந்த ஒலியே தீமைக்கு வழிகாட்டிவிடும். அவருக்கு மேல் எல்லையைச் சற்று உயர்த்தி, கீழ் எல்லையைக் கவனமாக வைப்பதே சரி.

ஆக்ஸிமீட்டரும் அவ்வாறே. ஆரோக்கியமானவருக்கு ஆக்ஸிஜன் அளவு 95க்கு மேல் இருப்பது இயல்பு. நெடுநாள் நுரையீரல் அடைப்பு நோயால் உடலில் கரியமில வாயு தேங்கும் தன்மை கொண்டவர்களுக்கு நாங்கள் குறிக்கும் இலக்கு 88 முதல் 92 வரை மட்டுமே. அவர்களுக்கு ஆக்ஸிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் கரியமில வாயு மேலும் தேங்கி மயக்கம் வரலாம். அத்தகைய நோயாளியின் விரலில் மாட்டிய கருவி 90ஐக் கண்டு அலறினால், அருகிலிருக்கும் மகள் என்ன செய்வாள்? அன்பின் மிகுதியால் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் திருகைக் கூட்டுவாள். அவளிடம் குறையில்லை, அந்த எல்லை எண் அவள் தந்தைக்கு உரியதன்று என்பதே குறை.

கருவி காட்டும் எண்ணின் வரம்பையும் அறிந்திருக்க வேண்டும். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு பூசிய விரலிலும் ஆக்ஸிமீட்டர் தவறான அளவைக் காட்டக்கூடும். சர்க்கரை சென்சார் ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. தோலடித் திசுநீரை அளக்கிறது. ஆகவே அது ரத்தத்தின் அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். சர்க்கரை இறங்கியவருக்குக் குளுக்கோஸ் கொடுத்துப் பத்து நிமிடம் ஆனபின்பும் கருவி இறங்கிய அளவையே காட்டலாம். அதைப் பார்த்து மேலும் மேலும் ஊட்டினால் ஒரு மணி நேரத்தில் 300 ஆகிவிடும். சென்சார் ஒட்டிய கைமேல் ஒருக்களித்துப் படுத்தாலும் அவ்விடம் அழுந்தி, இல்லாத தாழ்சர்க்கரையைக் கருவி காட்டக்கூடும். உடல் சொல்வதும் கருவி சொல்வதும் ஒத்துப்போகாதபோது விரலில் குத்திப் பார்ப்பதே நம்பகமான வழி.

கேட்கும் காதுக்கு ஏற்ற ஒலி

கருவி எந்த எண்ணில் ஒலிக்கிறது என்பதைப் போலவே எந்த வடிவில் ஒலிக்கிறது என்பதும் முக்கியம். முதுமையில் செவித்திறன் குறையும்போது உச்சத் தொனிகளே முதலில் மங்குகின்றன. வழக்கமான புகை எச்சரிக்கைக் கருவி ஏறக்குறைய 3,100 ஹெர்ட்ஸ் என்னும் உச்சத் தொனியில் கூவுகிறது. செவித்திறன் குறைந்தவர்களை உறக்கத்திலிருந்து எழுப்புவதற்கு 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த தொனி மேலானது என்று ஆய்வுகள் காட்டின. அதையடுத்து அமெரிக்காவின் தீ எச்சரிக்கை விதிமுறைத் தொகுப்பு, உறங்கும் அறைகளில் அத்தொனியையே பொருத்த வேண்டும் என்று விதித்தது. நம் வீடுகளில் உள்ள கருவிகளுக்கு இந்த எண்ணம் இன்னும் எட்டவில்லை. 'அலாரம் அடிக்கிறது, அப்பா எழுந்திருப்பதே இல்லை' என்று குறைப்படும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: அது சோம்பலன்று, அந்த ஒலி அவர் காதுக்கு எட்டவில்லை.

அதிர்வும் எல்லோருக்கும் பொருந்தாது. நீண்டநாள் நீரிழிவு நரம்புகளைத் தாக்கும்போது அதிர்வுணர்வு மங்குகிறது. எங்கள் பரிசோதனை அறையில் இசைக்கவையைப் பாதத்தில் வைத்து நாங்கள் சோதிப்பது அதைத்தான். பிறவியிலேயே சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் உண்டு. ஆண்களிடையே இது மிகுதி. அவர்களுக்குச் சிவப்பு விளக்கு ஆபத்தென்றும் பச்சை விளக்கு நலமென்றும் காட்டும் கருவியால் பயனில்லை. விழித்திரை பாதித்தவருக்குச் சிற்றெழுத்துத் திரை பயன்படாது. ஆங்கிலம் அறியாத பாட்டிக்கு ஆங்கிலக் குரல் வெறும் இரைச்சலே. ஒலி, ஒளி, அதிர்வு, மொழி ஆகிய நான்கையும் மாற்றிக்கொள்ளும் வசதி நோயாளிக்கு இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனாலேதான்.

இவ்விஷயத்தில் நோயாளிகளே வழிகாட்டிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் தனியாக வசித்த டேனா லூயிஸ் என்னும் முதல்வகை நீரிழிவு நோயாளி, தமது சர்க்கரைக் கருவியின் ஒலி தம்மை எழுப்பும் அளவுக்கு உரக்க இல்லை என்று அஞ்சினார். ஒலியை உயர்த்த வழியில்லை என்பதே அவருக்குக் கிடைத்த பதில். ஜான் காஸ்டிக் என்னும் பொறியாளர், நீரிழிவு உள்ள தம் சிறு மகனின் அளவுகளைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்காக எழுதிய மென்பொருளின் துணையோடு, 2013இன் இறுதியில் டேனா லூயிஸ் தமது அளவுகளைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்து உரத்த ஒலியை அமைத்துக்கொண்டார். அந்த முயற்சி வளர்ந்து, இன்சுலின் பம்பைத் தானாகவே இயக்கும் முறையாக 2015இல் பிறருக்கும் திறந்துவிடப்பட்டது. நோயாளிகளும் பெற்றோரும் தாமே உருவாக்கிய இத்தகைய மென்பொருள் ஒன்றிலிருந்து வளர்ந்த செயலிக்கு, 2023 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. வாசகர்கள் தங்கள் கருவிகளைப் பிரித்து மாற்ற வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை, அது ஆபத்தானது. ஆனால் 'இந்த ஒலி எனக்குக் கேட்கவில்லை' என்ற ஒரு நோயாளியின் எளிய முறையீடு மருத்துவத்தையே ஓரடி முன்னே நகர்த்தியது என்பதை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் முறையீடும் அத்தகையதே. அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

பார்ப்பவர் யார்?

பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெற்றோர் மட்டும் சொந்த ஊரில் வாழும் வீடுகள் பெருகிவிட்டன. தொலைவில் இருக்கும் பிள்ளையின் கவலை உண்மையானது. ஆகவே கேமரா வருகிறது. அப்பாவின் சர்க்கரை அளவு மகனின் கைப்பேசியிலும் தெரிகிறது. இவற்றால் காப்பாற்றப்பட்டவர்களையும் நாங்கள் அறிவோம்.

அதே நேரத்தில், கேமராவின் கண்ணுக்கு எட்டாத கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் தாத்தாக்களையும் அறிவோம். மகளிடமிருந்து 'ஏம்மா, மத்தியானம் என்ன சாப்பிட்ட? 240 காட்டுதே!' என்ற தொலைபேசி வருமே என்று அஞ்சி, விசேஷ வீட்டுக்குப் போகும் நாளில் சென்சாரைக் கழற்றிவைக்கும் அம்மாக்களையும் அறிவோம். கண்காணிப்பு, கண்டிப்பாக மாறும்போது நோயாளி மறைக்கத் தொடங்குகிறார். மறைக்கப்பட்ட நோய்க்கு எங்களால் மருந்து எழுத முடியாது. கருவி மூலம் வரும் செய்தி முதலில் நோயாளியிடம் போக வேண்டும். அவர் கவனிக்காதபோதுதான் பிறரிடம் போக வேண்டும். 2018இல் ஆப்பிள் நிறுவனம் தன் வாட்சில் கொண்டுவந்த வீழ்ச்சி அறியும் வசதி இம்முறையில்தான் அமைந்தது. அணிந்தவர் பலமாக விழுந்ததாக உணர்ந்தால் அது முதலில் அவரிடமே கேட்கிறது. 'நலமாக இருக்கிறேன்' என்று அவர் தெரிவித்தால் விட்டுவிடுகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடம் அசைவின்றிக் கிடந்தால் மட்டுமே அவசர உதவியை அழைக்கிறது. விரைவும் மரியாதையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்று.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அச்சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துமே தவிர, ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காகச் செய்வதைக் கட்டுப்படுத்தாது. அப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் எந்தச் சட்டமும் வந்து நிற்காது. அங்கே பேச்சுவார்த்தைதான் சட்டம். எந்த அறையில் கேமரா இருக்கலாம், எந்த நேரத்தில் அது அணைந்திருக்கும், எந்த அளவைத் தாண்டினால் மட்டும் மகனுக்குச் செய்தி போகும் என்பனவற்றை ஒருநாள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். படுக்கையறையும் குளியலறையும் கேமராவுக்கு உரிய இடங்கள் அல்ல.

இணையம் நின்றால்?

கருவியின் கட்டுப்பாடு நோயாளியிடம் இருக்கிறதா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: வைஃபையை அணைத்துப் பாருங்கள். விளக்கு எரிகிறதா? கதவு திறக்கிறதா? எச்சரிக்கை ஒலிக்கிறதா? மின்வெட்டும் மழைக்கால இணையத் தடையும் நமக்குப் புதியவையல்ல. தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினியை நம்பியே இயங்கும் கருவி, அந்த நிறுவனம் மனம் மாறினால் நின்றுவிடும். அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்கப்பட்ட ரிவால்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. கருவி பழுதாகவில்லை, ஆயினும் அன்று முதல் அது வெறும் பெட்டி. விளக்குக்கு அது நேர்ந்தால் அசௌகரியம் மட்டுமே. நள்ளிரவில் கழிப்பறைக்குச் செல்லும் முதியவருக்கு வழிகாட்டும் விளக்குக்கு நேர்ந்தால் இடுப்பெலும்பு முறிவு.

ஆகவே, ஸ்மார்ட் விளக்கு வைத்தாலும் கைக்கு எட்டும் உயரத்தில் சாதாரண சுவிட்ச் இருக்கட்டும். தானியங்கிப் பூட்டு வைத்தாலும் சாவி இருக்கட்டும். கட்டிலருகே, விலை மிகக் குறைந்த அந்தப் பழைய அழைப்பு மணியும் இருக்கட்டும்.

'அணைத்துவிட்டால் என்ன செய்வது?'

இதுவரை படித்த குடும்பத்தார் சிலர் மறுப்புச் சொல்லக்கூடும். 'அவரிடம் கட்டுப்பாட்டைக் கொடுத்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார், டாக்டர். பிறகு ஏதாவது ஆகிவிட்டால்?' நியாயமான கேள்வி இது. இதற்கு மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, அணைக்கக் கூடாத சிலவும் இருக்கின்றன என்பதை நாங்களும் ஏற்கிறோம். சில சர்க்கரைக் கருவிகளில் 55 என்னும் அபாய அளவில் ஒலிக்கும் எச்சரிக்கையை மாற்றவோ நிறுத்தவோ இயலாதபடி வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் நோயாளியின் தெளிவே குலைந்திருக்கக்கூடும் என்பதால் அது சரியே. ஆனால் அத்தகைய விலக்குகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக இருக்க வேண்டும். எல்லா ஒலியும் அணைக்க இயலாதது என்றால், எது உண்மையான அபாயம் என்பது யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, அணைப்பதும் ஒரு செய்தியே. ஒரு நோயாளி மாலை ஆறு மணி எச்சரிக்கையை நாள்தோறும் அணைக்கிறார் என்றால், மாலைக் காப்பிக்குப் பின் அவருக்குச் சர்க்கரை ஏறுகிறது என்றோ, அந்நேரம் அவர் கோயிலில் இருக்கிறார் என்றோ பொருள். அதை அறிந்தால் மருந்தின் நேரத்தை மாற்றலாம். அறியாவிட்டால் 'ஒத்துழைக்காத நோயாளி' என்ற பெயர்தான் மிஞ்சும்.

மூன்றாவது, மறதிநோய் கொண்டவர்களைப் பற்றியது. நினைவாற்றல் தேய்ந்தவரால் எல்லா முடிவுகளையும் எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் முடிவெடுக்கும் திறன் ஒரே நாளில் அணைந்துபோகும் விளக்கன்று. செயலியின் அமைப்பை மாற்ற இயலாதவருக்கும், குளிக்கும்போது கேமரா வேண்டாம் என்று சொல்லத் தெரியும். இந்தச் சத்தம் பயமுறுத்துகிறது என்று முகத்தால் காட்டத் தெரியும். அவர் தெளிவாக இருக்கும் காலத்திலேயே, பிற்காலத்தில் தம் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நலம். அந்தப் பொறுப்பை ஏற்பவர் தமக்கு எது வசதி என்று பார்க்காமல், 'அம்மா நன்றாக இருந்திருந்தால் எதை விரும்பியிருப்பார்?' என்றே ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். எச்சரிக்கையின் எல்லை எண்ணை நாமே மாற்ற முடியுமா? ஒலியின் அளவையும் வகையையும் மொழியையும் மாற்ற முடியுமா? இணையம் இல்லாதபோது கருவி இயங்குமா? இதன் விவரங்களை யார் யார் பார்க்கிறார்கள். ஒருவரை அதிலிருந்து நீக்க முடியுமா? நிறுவனம் சேவையை நிறுத்தினால் கருவியின் கதி என்ன? விடை கிடைக்காத கருவியை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

வாங்கியபின் முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கருவி ஒலித்த நேரம், அப்போது நோயாளி இருந்த நிலை, நீங்கள் செய்தது ஆகிய மூன்றையும் ஒரு வரியில் குறித்துவையுங்கள். எந்த ஒலி பயனுள்ளது, எது வீண் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். எச்சரிக்கை எழுந்தால் முதலில் ஆளைப் பாருங்கள். பிறகு கருவியைப் பாருங்கள். பேச்சுக் குழறுதல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நினைவிழத்தல் ஆகியவை இருந்தால், கருவியில் நல்ல எண்ணே தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள்.

அடுத்தமுறை எங்களிடம் வரும்போது அந்த நோட்டையும் கருவியையும் கொண்டுவாருங்கள். 'எனக்குரிய மேல் எல்லை எது, கீழ் எல்லை எது?' என்று கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை எழுதுவதுபோல எச்சரிக்கையின் எல்லையை எழுதித் தருவதும் மருத்துவரின் கடமை என்றே கருதுகிறோம். கருவியின் அமைப்பை மகனோடு மட்டும் பேசி முடிக்கும் மருத்துவரிடம், 'கையில் ஒட்டியிருப்பது எனக்குத்தான், என்னிடமும் சொல்லுங்கள்' என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கருவியைக் கையில் கொடுத்து, 'இதில் எது உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது?' என்று கேளுங்கள். அவர் சொல்வதில் ஒன்றையேனும் அவர் எதிரிலேயே மாற்றிக் காட்டுங்கள். தம் சொல்லுக்குச் செவிசாய்க்கும் கருவியைத்தான் ஒருவர் கழற்றாமல் அணிந்திருப்பார்.